மயிரிழையில் மூன்றில் ஒரு பங்கு

(பல் சிமெண்டுகள் குறித்து ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கேப் போட்ட பல் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டால் இந்த அரங்கில் பாதிப் பேராவது தூக்குவீர்கள். கேட்கப் போவதில்லை. அது உங்களுக்கும் உங்கள் பல் டாக்டருக்கும் நடுவே உள்ள விஷயம். ஆனால் ஒன்று நிச்சயமாகச் சொல்வேன். கேப் போடும்போது அது மெட்டலா, பீங்கானா, ஜிர்கோனியாவா, எவ்வளவு ஆகும், எத்தனை வருஷம் வாரன்டி என்றெல்லாம் பேசியிருப்பீர்கள். அதை எதை வைத்து ஒட்டினார்கள் என்று கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்கிற சிலரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "டாக்டர், இருக்கிறதுலயே ஸ்ட்ராங்கான சிமெண்டாப் போடுங்க."

இன்று நான் பேச வந்தது இந்த வேண்டுகோளைப் பற்றித்தான். எந்த வகையில் ஸ்ட்ராங்? அமுக்கினால் நொறுங்காமல் இருப்பதா, இழுத்தால் விடாமல் இருப்பதா, எச்சிலில் கரையாமல் இருப்பதா? ஆய்வகத்தில் இந்த மூன்றையும் தனித்தனியே அளக்கலாம், அளந்தும் இருக்கிறார்கள். மூன்றிலும் முதலிடம் வருவது அநேகமாக ஒரே சிமெண்ட்தான்: ரெசின். அப்படியானால் பேச்சு முடிந்துவிட்டதே, எல்லோருக்கும் ரெசின் போட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்லத்தான் இந்த ஒரு மணி நேரம்.

முதலில் சிமெண்ட் குடியிருக்கிற இடத்தைப் பார்த்துவிடுவோம். கேப் போடும் பல்லைச் சுற்றிலும், மேலேயும் செதுக்குகிறோம். மிஞ்சுகிற கட்டையின் மேல் கேப் உட்காருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள இடுக்கை நிரப்புவது சிமெண்ட். அது எவ்வளவு மெல்லியதாகப் பரவ வேண்டும் என்பதற்குச் சர்வதேசத் தர விதி ஒன்று உண்டு. தண்ணீர் சேர்ந்த சிமெண்டுகள் 25 மைக்ரானுக்கு மேல் தடிக்கக் கூடாது, ரெசின் வகை 50 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது. நம் தலைமயிர் சுமார் 75 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 25 மைக்ரான் என்பது மயிரிழையில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே சிமெண்டை வைத்து, ஏறக்குறைய 15 கிலோ பாரத்தில் அமுக்கி இதை அளக்கிறார்கள். வாயில் அவ்வளவு அழகாக வருவதில்லை. பிரிட்டனில் ஜான் மெக்லீன், வான் ஃபிரான்ஹோஃபர் இருவரும் கேப் உள்ளிட்ட ஆயிரம் பல் சீரமைப்புகளை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்துவிட்டு 1971-இல் ஒரு முடிவு சொன்னார்கள்: ஓரத்தில் 120 மைக்ரான் வரை இடைவெளி இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். அரை நூற்றாண்டு கடந்தும் பல் மருத்துவக் கட்டுரைகளில் அந்த 120 வந்துகொண்டே இருக்கிறது.

ஓரம் ஏன் முக்கியம் என்றால், சிமெண்ட் வாயைப் பார்ப்பது அங்கே மட்டும்தான். மற்றதெல்லாம் கேப்புக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. எச்சில், ரசம், எலுமிச்சைச் சாறு, கிருமி கக்கும் அமிலம் எல்லாம் அந்த விளிம்புக் கோட்டைத்தான் தாக்கும். அங்கே சிமெண்ட் கரைந்தால் கிருமி நுழையும், உள்ளே சொத்தை பிடிக்கும். பல்லின் மேல் போட்ட கேப்புகள் ஏன் கெட்டுப் போகின்றன என்று பார்த்த ஆய்வுகளில் இந்தச் சொத்தைதான் முன்னணியில் நிற்கிறது. பிடி விட்டுக் கழன்று வருவது அதற்கு அடுத்தபடி.

கழன்று வருவதைப் பற்றிச் சொல்ல ஒரு வீட்டு உதாரணம் போதும். கழுவிய எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி வைத்து, மறுநாள் பிரிக்க முடியாமல் திண்டாடியிருப்பீர்கள். அங்கே எந்தப் பசையும் இல்லை. பக்கச் சுவர்கள் கிட்டத்தட்ட செங்குத்தாக இருந்ததுதான் காரணம். அகன்ற வாயுள்ள கிண்ணங்கள் அப்படி மாட்டிக்கொள்வதில்லை. டென்மார்க்கின் யோர்கன்சன் 1955-இல் இதையே பல்லின் வடிவத்தில் செய்து பார்த்தார். பக்கங்களின் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் கேப்பை இழுத்துப் பார்த்தார். சரிவு 5 பாகையிலிருந்து 10 ஆனதும் பிடிப்பு ஏறத்தாழ பாதியாக விழுந்தது. பாடப்புத்தகங்கள் 6 பாகையை ஒட்டிச் செதுக்கச் சொல்கின்றன. நிஜ வாழ்க்கையில் டாக்டர்கள் செதுக்கியதை அளந்தவர்கள் 15, 20 பாகைகளைச் சர்வசாதாரணமாகக் கண்டிருக்கிறார்கள். கடைவாயின் கோடியில், நாக்கும் கன்னமும் தள்ளுகிற இடத்தில், குனிந்து நின்று 6 பாகை செதுக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கேப் கழன்றதும் சிமெண்டின் மேல் பழி போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இனி சிமெண்டுகளுக்கு வருகிறேன். வயதில் மூத்தது ஜிங்க் பாஸ்பேட். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்தது. இன்னும் ஓய்வு பெறவில்லை. பொடி, திரவம் என்று இரண்டு குப்பிகள். பொடியில் பத்தில் ஒன்பது பங்கு ஜிங்க் ஆக்சைடு, மீதி பெரும்பாலும் மக்னீசியம் ஆக்சைடு. திரவம், தண்ணீர் கலந்த பாஸ்பாரிக் அமிலம். இதைக் கலப்பதை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். தடித்த கண்ணாடிப் பலகை, குளிர்ந்திருக்க வேண்டும். பொடியைச் சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்து, முதல் பங்கு மிகக் கொஞ்சமாக, ஒவ்வொன்றாகத் திரவத்துக்குள் இழுத்து, பலகை முழுக்கப் பரத்திப் பரத்தித் தேய்க்க வேண்டும். இந்த வினையில் சூடு கிளம்பும், சூடு ஏறினால் சிமெண்ட் சீக்கிரம் இறுகிவிடும். பரத்தித் தேய்த்தால் அந்தச் சூட்டைப் பலகை வாங்கிக்கொள்ளும். ஒன்றரை நிமிடத்தில் ஸ்பாட்டுலாவைத் தூக்கினால் சிமெண்ட் பலகையிலிருந்து ஓர் அங்குல நூலாக எழும்பி, பிறகு அறுந்து விழ வேண்டும். அதுதான் கேப் ஒட்டும் பதம்.

பலகை குளிர்ந்திருந்தால் அதே அளவு திரவத்துக்குள் கூடுதல் பொடியைச் சேர்க்கலாம். பொடி கூடினால் வலு கூடும், அமிலம் குறையும். சென்னைப் புழுக்கத்தில் இதற்கு ஒரு வில்லங்கம் உண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பலகை நொடியில் வியர்த்துவிடும். அந்த நீர்த்துளி சிமெண்டுக்குள் போனால் இறுகும் வேகமும் கெடும், வலுவும் குறையும். துடைத்துவிட்டு, வியர்க்காத அளவுக்குக் குளிர்ச்சி குறைகிற வரை காத்திருக்கப் பழகிய உதவியாளர் கிடைத்தால் அந்த டாக்டர் பாக்கியசாலி.

இந்தச் சிமெண்டின் எண்கள் சுவாரசியமானவை. இறுகிய பிறகு அமுக்கிப் பார்த்தால் சுமார் 100 மெகாபாஸ்கல் தாங்கும். சர்வதேசத் தர விதி கேட்பதோ 50-தான். ஆனால் அதே சிமெண்டை இழுத்துப் பார்த்தால் 5 மெகாபாஸ்கலை ஒட்டியே விட்டுவிடுகிறது, இருபதில் ஒரு பங்கு. கடலைமிட்டாயைக் கடித்தால் அமுக்கம், கமர்கட் கடித்து வாயைத் திறந்தால் இழுப்பு. கேப் கையோடு வருவது எந்த மிட்டாயில் என்று உங்களில் சிலருக்கு அனுபவம் இருக்கும். இன்னொன்று, ஜிங்க் பாஸ்பேட் பல்லோடு ஒட்டுவதே இல்லை. பல்லிலும் கேப்பின் உட்புறத்திலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. அவற்றுக்குள் புகுந்து இறுகி, ஆப்பு வைத்ததுபோல நிற்கிறது, அவ்வளவே. செதுக்கிய வடிவம் சரியாக இருந்தால் அதுவே போதும். முப்பது ஆண்டுகள் கடந்தும் ஆடாமல் நிற்கிற பழைய தங்க, மெட்டல் கேப்புகளின் அடியில் இருப்பது பெரும்பாலும் இந்தச் சிமெண்ட்தான். ஒரு குறை, கலந்த புதிதில் அமிலம் கடுமை. முதல் சில நிமிடங்களில் பி.எச். 2-ஐ ஒட்டி இருக்கும், எலுமிச்சைச் சாறு அளவு. ஒன்றிரண்டு நாளில் சமநிலையை நெருங்கிவிடும். அதற்குள் உயிருள்ள பல் கூசலாம்.

இந்தக் கூச்சத்துக்கு மருந்தாக அந்தக் காலத்திலேயே இன்னொரு சிமெண்ட் இருந்தது: அதே ஜிங்க் ஆக்சைடு, அமிலத்துக்குப் பதில் கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால். பல் ஆஸ்பத்திரி என்றதும் மூக்கில் ஏறும் வாசனை இதுதான். பல்லைச் சாந்தப்படுத்தும், வலு குறைவு. இப்போது பெரும்பாலும் தற்காலிகக் கேப்பை ஒட்டுவதற்கே பயன்படுகிறது. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

பல்லோடு உண்மையிலேயே ஒட்டுகிற முதல் சிமெண்டை 1968-இல் மான்செஸ்டரில் டென்னிஸ் ஸ்மித் அறிவித்தார். அவர் செய்ததைக் கேட்டால் எளிமையாகத் தோன்றும். ஜிங்க் ஆக்சைடை அப்படியே வைத்துக்கொண்டு, பாஸ்பாரிக் அமிலத்தை எடுத்துவிட்டு, பாலிஅக்ரிலிக் அமிலம் என்ற நீண்ட சங்கிலி அமிலத்தைச் சேர்த்தார். சங்கிலி நெடுக உள்ள அமிலக் கைகள் பல்லின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டன. மூலக்கூறு பெரிதாகையால் பல்லின் நுண்குழாய்களுக்குள் இறங்கவும் முடியவில்லை, கூச்சமும் குறைந்தது. பாலிகார்பாக்சிலேட் என்று பெயர். அமுக்கத்தில் ஜிங்க் பாஸ்பேட்டை எட்டவில்லை. தொடர்ந்து பாரம் ஏற்றினால் மெல்ல நெளிந்துகொடுக்கும் குணமும் உண்டு. பல பற்களைச் சேர்த்துக் கட்டும் நீண்ட பாலங்களுக்கு ஆகாது.

அந்த அமிலத்தின் பெரிய உபயோகம் வேறு இடத்தில் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் முன்பல் சொத்தையை அடைக்க சிலிக்கேட் என்றொரு சிமெண்ட் இருந்தது. கண்ணாடிப் பொடியும் பாஸ்பாரிக் அமிலமும் கலந்தது. வருடக் கணக்கில் கரைந்துகொண்டே போகும். ஆனால் விசித்திரமாக, கரைந்த அடைப்பைச் சுற்றிப் புதுச் சொத்தை வருவது அரிதாக இருந்தது. கண்ணாடியில் கலந்திருந்த ஃபுளோரைடு கசிந்துகொண்டிருந்ததே காரணம். லண்டனில் அரசு வேதியியலாளர் ஆய்வகத்தில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் இருவரும் இந்தச் சிலிக்கேட் ஏன் கரைகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கண்ணாடியையும் ஸ்மித்தின் அமிலத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். முதலில் சரியாக இறுகவில்லை. கண்ணாடியில் அலுமினியத்தின் விகிதத்தை மாற்றி, 1969-ஐ ஒட்டி வேலை செய்யும் கலவைக்கு வந்து, 1972-இல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கிளாஸ் அயனோமர் பிறந்தது அப்படி. பிறகு டார்டாரிக் அமிலத்தைச் சேர்த்ததும்தான் டாக்டர்கள் கையாளத் தோதாக ஆயிற்று. புளியின் புளிப்பும் அந்த அமிலம்தான்.

கிளாஸ் அயனோமரைக் கலப்பதற்கு ஜிங்க் பாஸ்பேட்டின் பொறுமை உதவாது. காகித அட்டையில் முப்பது, நாற்பது நொடிக்குள் கலந்து, பளபளப்பு இருக்கும்போதே பல்லில் வைத்துவிட வேண்டும். பளபளப்பு என்பது, பல்லைப் பிடிக்க வேண்டிய அமிலக் கைகள் இன்னும் காலியாக இருக்கின்றன என்பதற்கு அடையாளம். மங்கிவிட்டால் அந்தக் கைகளெல்லாம் கண்ணாடிப் பொடியையே பிடித்து முடித்துவிட்டன, பல்லுக்கு மிச்சமில்லை. மங்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். சிமெண்டை மிச்சப்படுத்துகிறேன் என்று மங்கியதை வைத்து ஒட்டிய கேப் சில வாரங்களில் திரும்பி வரும்.

இதன் ஃபுளோரைடைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. சொத்தை அடைப்பில் அது ஓரளவு நியாயம். கேப்புக்கு அடியில் அது பெரிய வித்தியாசம் செய்கிறது என்று நான் நம்பவில்லை. ஃபுளோரைடு முதல் சில நாட்களில் நிறைய வெளியேறி, பிறகு வேகமாகக் குறைகிறது. வெளியேறவும் அந்த மயிரிழை ஓரம் மட்டுமே வழி.

கிளாஸ் அயனோமரின் நிஜமான பெருமையை ஸ்காட்லாந்தில் பார்க்கலாம். நார்னா ஹால் என்ற பல் டாக்டர் குழந்தைகளின் சொத்தைப் பால் கடைவாய்ப் பற்களைக் குடையவே இல்லை. ஊசி போடவில்லை, செதுக்கவுமில்லை. தயாராகக் கிடைக்கும் ஸ்டீல் கேப்புக்குள் கிளாஸ் அயனோமரை நிரப்பி, பல்லின் மேல் வைத்து, குழந்தையையே கடிக்கச் சொல்லி உட்காரவைத்தார். சொத்தை உள்ளேயே மூடப்பட்டது. பதினைந்து வருடங்களுக்கும் மேலாக அவர் செய்துவந்ததை டண்டீ பல்கலைக்கழகத்தார் தேடிப் பார்த்து 2006-இல் வெளியிட்டபோது மருத்துவ உலகம் முதலில் முகம் சுளித்தது. பிறகு நடந்த முறையான ஒப்பீட்டுச் சோதனைகளில், வழக்கமாகக் குடைந்து அடைத்ததைவிட இந்தப் பற்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. கிருமிக்குச் சாப்பாடு போகாதபடி ஓரம் மூடியிருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் கிளாஸ் அயனோமர் பல்லைப் பிடிக்கும் வலு இரண்டு முதல் ஐந்து மெகாபாஸ்கல்தான். ரெசின் அதைப்போலப் பல மடங்கு பிடிக்கும்.

சரி, அந்த ரெசின். அதன் கதை 1955-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஆரம்பிக்கிறது. பெயிண்ட் நன்றாகப் பிடிக்க உலோகத் தகட்டைப் பாஸ்பாரிக் அமிலத்தில் நனைப்பது தொழிற்சாலை வழக்கம். மைக்கேல் பூனகோர் அதைப் பார்த்துவிட்டுப் பல்லின் எனாமலில் 85 சதவீத அமிலத்தை அரை நிமிடம் பூசிக் கழுவினார். வழவழப்பான எனாமல் நுண்ணிய துளைகள் நிறைந்ததாக மாறியது. ஜிங்க் பாஸ்பேட்டில் பல்லைக் கூசச் செய்கிறது என்று நாம் குறை சொன்ன அதே அமிலம். அந்தத் துளைகளுக்குள் இறங்கிக் கெட்டியாகும் பிளாஸ்டிக்கை, அதாவது ரெசினை, ரஃபேல் போவன் உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்றார். மூன்றாவது படி ஜப்பானில். ரேயான் நூல் தயாரிக்கத் தொடங்கிய குராரே நிறுவனம் எம்.டி.பி. என்ற மூலக்கூறை உருவாக்கி, 1983-இல் பனாவியா என்ற சிமெண்டாக விற்றது. அதன் ஒரு முனை உலோக ஆக்சைடைக் கவ்வும், மறு முனை பிளாஸ்டிக்கோடு சேரும். அப்போது ஜிர்கோனியா கேப் என்ற ஒன்றே கிடையாது. இருபது வருடம் கழித்து அது வந்தபோது, ஒட்டுவதற்கு இந்த மூலக்கூறு தயாராகக் காத்திருந்தது.

எண்களைப் பார்த்தால் ரெசின்தான் ராஜா. அமுக்கத்தில் 200 மெகாபாஸ்கலை ஒட்டியும் தாண்டியும் போகிறது, இழுப்பில் ஜிங்க் பாஸ்பேட்டைப்போல ஐந்தாறு மடங்கு, எச்சிலில் கரைவது மிகக் குறைவு. முன்பல்லின் முகப்பில் ஒட்டும் அரை மில்லிமீட்டர் பீங்கான் தகட்டுக்கு வேறு சிமெண்டே கிடையாது. அங்கே டம்ளர் வடிவம் எதுவும் இல்லை, சப்பையான பரப்பு. ஒட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கட்டை குட்டையாகிப் போன கடைவாய்ப் பல்லிலும் அப்படித்தான்.

ஆனால் ராஜாவுக்கு உபசாரம் அதிகம். கண்ணாடி கலந்த பீங்கானான லித்தியம் டைசிலிகேட் கேப் என்றால், அதன் உட்புறத்தை 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் 20 நொடி அரிக்க வேண்டும், கழுவி உலர்த்தி சிலேன் என்ற ஒட்டுத் துணைத் திரவம் பூச வேண்டும். ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லாததால் அந்த அமிலம் அதை ஒன்றும் செய்யாது. 50 மைக்ரான் அலுமினாத் துகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி, எம்.டி.பி. பூச வேண்டும். வாயில் அளவு பார்த்தபோது பட்ட எச்சிலின் பாஸ்பேட்டை ஜிர்கோனியா இறுகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் கழுவினால் போகாது. அதற்கென்று உள்ள கழுவியால் சுத்தம் செய்யாவிட்டால் எம்.டி.பி. உட்கார இடமிருக்காது. பல்லின் பக்கம் எச்சில், ரத்தம், ஈறில் ஊறும் நீர் எதுவும் ஒட்டி முடியும் வரை அண்டக் கூடாது. தற்காலிகக் கேப்பின் யூஜினால் மிச்சம் பல்லில் இருந்தாலும் ரெசின் சரியாக இறுகாது. முன்பு சொன்ன எச்சரிக்கை இதுதான். 2002-இல் ரெலிஎக்ஸ் யூனிசெம் என்ற சிமெண்ட் வந்த பிறகு, பல்லைத் தனியாகப் பதப்படுத்தத் தேவையில்லாத ரெசின்கள் பெருகின. படிகள் குறைந்தன, பிடிப்பும் கொஞ்சம் குறைந்தது.

ஈறுக்குக் கீழே இறங்கிய ஓரம், அதில் ரத்தம் கசியும் வீங்கிய ஈறு, வாயைச் சரியாகத் திறக்க முடியாத பெரியவர். இந்த நிலையில் நன்றாகக் கலந்த கிளாஸ் அயனோமர், அரைகுறையாக ஒட்டிய ரெசினைவிட மேல் என்பது என் தீர்மானமான கருத்து. இரண்டுக்கும் நடுவே ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் என்று ஒன்று உண்டு. மெட்டலுக்கும் ஜிர்கோனியாவுக்கும், கட்டை நன்றாக இருந்தால், அன்றாட வேலைக்கு அது போதுமானது. தண்ணீரை உறிஞ்சி லேசாக உப்பும் குணம் அதற்கு உண்டு. அந்த வகையில் ஆரம்பத்தில் வந்த சில சிமெண்டுகளால் வலுவில்லாத பீங்கான் கேப்புகள் விரிசல் விட்டதுண்டு.

ஆய்வகக் கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்று. கேப் இழுக்கும் சோதனையில், பிடுங்கிய பல்லைச் செதுக்கி, கேப்பை ஒட்டி, எந்திரத்தில் மாட்டி, நேராக மேலே, நிமிடத்துக்கு அரை அல்லது ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் இழுக்கிறார்கள். உலகத்தில் யாரும் அப்படி மெல்லுவதில்லை. வாயில் வருவது சிறுசிறு விசைகள், பக்கவாட்டில், லட்சக்கணக்கான தடவை. எனவே முதலில் பார்க்க வேண்டியது, 24 மணி நேரத்தில் சோதித்தார்களா, முதுமைப்படுத்திய பிறகா என்பது. 5 டிகிரி நீரிலும் 55 டிகிரி நீரிலும் மாற்றி மாற்றி முக்குவார்கள். ஐஸ்கிரீமும் ஃபில்டர் காப்பியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பத்தாயிரம் சுற்று ஏறத்தாழ ஒரு வருட உபயோகத்துக்குச் சமம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. முதல் நாளில் முன்னால் நின்ற சிமெண்ட் சுற்றுகள் கூடக்கூடப் பின்தங்குவது சகஜம். ரெசினுக்கும், எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினுக்கும் இடையேயான பிடி தண்ணீரில் மெல்ல மெல்லச் சிதைகிறது, டென்டினிலேயே உள்ள நொதிகளும் அதற்கு உதவுகின்றன. அடுத்து, பிரிந்தது எங்கே என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் சராசரி எண்ணைவிட அது அதிகம் சொல்லும்.

இம்பிளான்ட் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சிமெண்டின் வலுவைவிட, அது வழிந்து ஈறுக்குள் தங்குவதுதான் பிரச்சினை. அமெரிக்காவில் தாமஸ் வில்சன் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சிமெண்ட் வைத்து ஒட்டிய இம்பிளான்டுகளைச் சுற்றிப் புண் கண்டவர்களிடம் நுண்ணிய கேமராவை விட்டுப் பார்த்தார். 81 சதவீதத்தில் மிச்ச சிமெண்ட் ஒளிந்திருந்தது. எடுத்த பிறகு பெரும்பாலானோருக்குச் சரியாகிவிட்டது. அதனால்தான் இப்போது முடிந்த இடங்களில் திருகாணி வைத்து மாட்டுகிறோம். ஒட்டியே ஆக வேண்டுமென்றால், பின்னால் கழற்ற வசதியாக வலு குறைந்த சிமெண்டை விரும்பித் தேடுகிறவர்களும் உண்டு. ஸ்ட்ராங்கான சிமெண்ட் கேட்பவர்கள் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

துண்டுச் சீட்டுகள் இரண்டு வந்திருக்கின்றன.

முதல் சீட்டு: "கழன்ற கேப்பைக் கடையில் விற்கும் உடனடிப் பசையால் நாமே ஒட்டிக்கொள்ளலாமா?" கூடாது ஐயா. அந்தப் பசை நொடியில் இறுகும், அதற்குள் கேப் சரியாக உட்கார்ந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் கோணலாக நின்றாலும் கடிக்கும்போது அந்தப் பல் ஒன்றே எல்லாப் பாரத்தையும் வாங்கும். ஈறும் புண்ணாகும். அப்புறம் அந்தப் பசையை உள்ளிருந்து சுரண்டி எடுப்பதற்குள் கேப்பே பாழாகிவிடும். கழுவி, சின்ன டப்பாவில் போட்டு, இரண்டு மூன்று நாளுக்குள் கொண்டுவாருங்கள். தள்ளிப்போட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, அதே கேப் உள்ளே போக மறுக்கும்.

இரண்டாவது சீட்டு: "ஒரே கேப் ரெண்டு தடவை கழண்டுடுச்சு. இந்தத் தடவை எந்த சிமெண்ட் போடச் சொல்லணும்?" கேட்டவர் அம்மா என்று நினைக்கிறேன், கையெழுத்து அழகாக இருக்கிறது. அம்மா, கேப்பைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். சிமெண்ட் முழுக்கக் கேப்புக்குள் ஒட்டியிருந்து பல் வெறுமையாக இருந்தால், பல்லின் பக்கம் பிடிக்கவில்லை. ஈரம் இருந்திருக்கலாம், பளபளப்பு மங்கியிருக்கலாம். சிமெண்ட் பல்லிலேயே நின்று கேப்பின் உட்புறம் சுத்தமாக இருந்தால், கேப்பைச் சரியாகத் தயார் செய்யவில்லை. ஜிர்கோனியாவாக இருந்தால் எச்சில் கழுவாததும் காரணமாகலாம். இந்த இரண்டுக்கும் அதே கேப்பை முறையாகச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டினால் போதும். உள்ளே பழுப்பாக, மெத்தென்று, நாற்றத்தோடு இருந்தால் சொத்தை. அதைச் சுரண்டி எடுக்காமல் எந்தச் சிமெண்டும் நிற்காது. இது எதுவும் இல்லாமல், சிமெண்ட் பாதி இங்கே பாதி அங்கே நொறுங்கிக் கிடந்து, கட்டை குட்டையாகக் கூம்பிப் போயிருந்தால், பல்லை மறுபடி செதுக்கி, பக்கங்களில் பள்ளக் கோடு வெட்டி, புதுக் கேப் செய்யச் சொல்லுங்கள். கழன்ற கேப்பையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.